தேங்காய்க் கட்டி, ஆலிவ் கட்டி

எதிர்வீட்டு அக்காவுக்கு நான் ஆசையாகக் கொடுத்த முதல் சோப்பு மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. ஓரம்கூட மழுங்கவில்லை. “தேங்காய் எண்ணெய்ச் சோப்புன்னு சொல்லித்தானேம்மா குடுத்தே? குளிச்சிட்டு வந்தா முழங்காலெல்லாம் வெளுத்துப்போய்த் தோல் இழுக்குதே” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. காங்கயம் பக்கத்துச் செக்கில் ஆட்டிய எண்ணெய் அது. அதே டின்னிலிருந்து ஒரு பாட்டில் அக்காவுக்கும் கொடுத்திருந்தேன். பேரனுக்கு அதைத் தேய்த்துத்தான் தினமும் குளிப்பாட்டுகிறார். எண்ணெயாக இருக்கும்போது கைக்குழந்தைக்கு ஆகிற பொருள், சோப்பானதும் பெரியவர் தோலையே இழுத்துப் பிடிக்கிறது என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

அது என்ன என்று பார்த்துவிடலாம் என்றுதான் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை இரண்டு சோப்பை அடுத்தடுத்துப் போட்டேன். ஒன்று முழுக்கத் தேங்காய் எண்ணெய், மற்றது முழுக்க ஆலிவ் எண்ணெய். தலா அரைக் கிலோ. வீட்டில் சோப்பு போடுபவர்கள் வழக்கமாக இப்படிச் செய்வதில்லை. நுரைக்குத் தேங்காய், மென்மைக்கு ஆலிவோ நல்லெண்ணெயோ, நுரை நிற்க ஒரு கரண்டி விளக்கெண்ணெய் என்று கலந்துதான் போடுவார்கள். கலவை நல்ல சோப்பைத் தரும். ஆனால் அதில் யார் என்ன வேலை பார்த்தார் என்பது தெரியாது, கூட்டணி ஆட்சி மாதிரி.

நான் சோப்பு போட்ட முறைக்குக் குளிர்முறை என்று பெயர்தான். அடுப்பு மூட்டுவதில்லை என்பதைத் தவிர அதில் குளிர்ச்சி எதுவும் கிடையாது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டதுமே அந்தத் தண்ணீர் தானாகச் சுட்டுக் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தொண்டையைக் கமறவைக்கும் ஆவி கிளம்பும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கி முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. காரம் அதைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பிவிடும். எவர்சில்வர் போதும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். கையில் பட்டுவிட்டால் வினிகரைத் தேடி ஓடாமல் குழாயடியில் நெடுநேரம் கழுவ வேண்டும். இதில் மட்டும் இரண்டு எண்ணெய்க்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு தராசிலேயே தொடங்கிவிடுகிறது. அரைக் கிலோ தேங்காய் எண்ணெயை மிச்சமில்லாமல் சோப்பாக்கச் சுமார் 92 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அரைக் கிலோ ஆலிவுக்கு 67 கிராம் போதும். எடை ஒன்றுதான், சோடாவில் 25 கிராம் வித்தியாசம். காரணம் எண்ணெயின் உள்கட்டமைப்பு. எந்த எண்ணெயாக இருந்தாலும், கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலங்கள் ஒட்டியிருக்கும். காரம் வந்து அவற்றைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்ததுதான் சோப்பு. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் சங்கிலியில் 12 கரி அணுக்கள். ஆலிவில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம், 18 கரி அணுக்கள். ஒரு கிலோ மொச்சையைவிட ஒரு கிலோ பாசிப்பயறில் மணி எத்தனை மடங்கு அதிகம்! அதுபோலத்தான் குட்டைச் சங்கிலி. ஒரே எடையில் எண்ணிக்கை கூடுதல், ஒவ்வொன்றுக்கும் தன் பங்குச் சோடா வேண்டும்.

நம் சமையலில் கண்ணளவு, கையளவு எல்லாம் செல்லும். இங்கே செல்லாது. ஆலிவுக்கான சோடாவைத் தேங்காய் எண்ணெயில் கலந்தால் கால்வாசிக்கு மேல் எண்ணெய் மாறாமல் பிசுபிசுக்கும். தேங்காய்க்கான சோடாவை ஆலிவில் கலந்தாலோ மிஞ்சிய காரம் தோலைப் பொசுக்கும். எண்ணெயை மாற்றினால் கணக்கைப் புதிதாகப் போட்டாக வேண்டும். கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பமிலமும் சேர்ந்தது என்று பிரான்சின் மிஷெல் ஷெவ்ரல் 1823இல் புத்தகமாக எழுதிவைத்த பிறகுதான் இந்தக் கணக்குக்கே ஓர் அடிப்படை கிடைத்தது. அதற்கு முன்பு ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக, நாக்கில் வைத்துப் பார்த்தும் விரலில் தேய்த்துப் பார்த்தும் சோப்பு காய்ச்சியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய சொல்லான சவுக்காரத்திலும், இலங்கைத் தமிழர் இன்றும் புழங்கும் சவர்க்காரத்திலும் காரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சோப்பு என்ற சொல்லில் அந்த எச்சரிக்கை இல்லை.

அன்றைக்குக் காலையில் தேங்காய் எண்ணெய் டின்னுக்குள் நெய்யாக உறைந்திருந்தது. 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே அது அப்படித்தான். வெந்நீரில் டின்னை நிறுத்தி உருக்கினேன். ஆலிவ், பச்சையும் மஞ்சளுமாக வெறுமனே ஊற்ற வந்தது. தேங்காய் எண்ணெயில் காரநீரை விட்டுக் கை பிளெண்டரைப் போட்டால் நான்கே நிமிடத்தில் கலவை மோர்க்குழம்புப் பதத்துக்கு வந்துவிட்டது. பிளெண்டரைத் தூக்கிச் சொட்டவிட்டால் சொட்டு உள்ளே அமிழாமல் மேலே கோடாக நிற்க வேண்டும். சோப்பு போடுபவர்கள் ட்ரேஸ் என்று சொல்வது இதைத்தான். அச்சில் ஊற்றி ஒரு மணி நேரம் ஆகவில்லை, நடுப்பகுதி வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாகத் தெரிய ஆரம்பித்தது. அச்சைத் தொட்டால் கை சுட்டது. காரமும் எண்ணெயும் சேரும்போது வெளிப்படும் சூடு. அந்தச் சூடே மிச்ச வேலையையும் முடுக்கிவிடும்.

ஆலிவில் அதே வேலைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பிளெண்டர் மோட்டார் சூடாகி இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. பிளெண்டர் இல்லாமல் கரண்டியால் கிண்டியவர்கள் பாவம், பாதி நாள் அதற்கே போயிருக்கும். ஊற்றிய பிறகும் அது சூடாகவும் இல்லை, கட்டியாகவும் இல்லை. தன் பாட்டுக்குக் கிடந்தது. தேங்காய்க் கட்டியை அன்று சாயங்காலமே வெட்டிவிட்டேன். வெட்டியாக வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் ராத்திரி முழுக்க அச்சில் விட்டுக் காலையில் கத்தியை வைத்தேன். சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொல்லென்று உடைந்து மேசையெல்லாம் சிதறியது. ஆலிவை ஐந்தாம் நாள் வெட்டும்போதுகூட என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்தது. இன்றும் அந்தக் கட்டியில் அது இருக்கிறது.

பிறகு காய வைத்தல். வெட்டிய கட்டியை உடனே தேய்த்துக் குளிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் வற்ற வேண்டும். சோப்பின் உள்ளமைப்பும் இறுக வேண்டும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் என்பார்கள். ஐந்தாம் வாரம் இரண்டையும் கையில் எடுத்தேன். தேங்காய்க் கட்டி தண்ணீர் பட்டதும் பெரிய பெரிய குமிழாகப் பொங்கியது. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஆலிவில் நுரை என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி கொழகொழவென்று ஒரு நூல் இழுத்தது. கை கழுவினால் அழுக்கு போகிறது, தோல் வறளவில்லை, எல்லாம் சரி. ஆனால் அந்தக் கொழகொழப்பைப் பொறுத்துக்கொண்டு யார் குளிப்பார்கள்?

கட்டிகளை முறித்துப் பார்த்தெல்லாம் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அது சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. குட்டை வால் சோப்பு தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் நுரையும் சட்டென்று வரும். அதே வேகத்தில் தோலின் எண்ணெய்ப் பசையையும் வாரிக்கொண்டு போகும். நீள வால், அதிலும் நடுவில் ஒரு வளைவோடு இருக்கும் ஒலியிக் வால், மெதுவாகக் கரைந்து மெதுவாக வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் தலைமுடியின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தத் திறன் இல்லை என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்லிற்று. அதற்கு அந்த ஆய்வு காட்டிய காரணமும் இதே லாரிக் அமிலத்தின் குட்டைச் சங்கிலிதான். எண்ணெயாக இருந்தபோது உள்ளே நுழைந்து காத்த அதே சங்கிலி, சோடியத்தோடு சேர்ந்த பிறகு உள்ளே இருப்பதை வெளியே இழுக்கிறது. ஆக, எதிர்வீட்டு அக்காவும் சரி, எண்ணெயும் சரி. தப்பு நான் நினைத்த நினைப்பில். எண்ணெயின் குணம் அப்படியே சோப்புக்கு வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். சோப்பில் எண்ணெய் இல்லை; எண்ணெயாக இருந்தது மட்டும்தான் இருக்கிறது. ‘தேங்காய் எண்ணெயின் குளிர்ச்சி நிறைந்தது’ என்று எந்தச் சோப்பு உறையில் படித்தாலும் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பரிகாரம் ஒன்று உண்டு. கணக்குப்படி வேண்டிய சோடாவில் கொஞ்சத்தைக் குறைத்துவிட்டால் அந்த அளவு எண்ணெய் சோப்பாகாமல் கட்டிக்குள் தங்கும். சூப்பர்ஃபேட் என்று பெயர். அக்காவுக்குக் கொடுத்த கட்டியில் எல்லாச் சோப்புக்கும் செய்வதுபோல் 5 சதவீதம் குறைத்து 87 கிராம் போட்டிருந்தேன். தனித் தேங்காய்க்கு அது போதாது. 20 சதவீதம் குறைத்து 73 கிராம்தான் போட வேண்டும். அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமைக் கட்டி அப்படிப் போட்டது. ஆலிவுக்கு 5 சதவீதமே தாராளம், 64 கிராம். ஆலிவில் 20 விட்டிருந்தால் நுரை இன்னும் செத்துப்போய், கட்டியும் சீக்கிரம் காறியிருக்கும்.

ஆலிவ் சோப்புக்கு உலகத்தில் இருக்கும் மரியாதையைச் சொல்லாமல் விட்டால் அதற்கு அநியாயம் செய்தவளாவேன். பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரம் பல நூற்றாண்டுகளாக ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம் மூன்றை மட்டும் வைத்து வெள்ளைச் சோப்பு செய்கிறது. 1907இல் அங்கே 30 சோப்பாலைகள் இருந்தன. இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். சிரியாவின் அலெப்போ, ஆலிவோடு லாரல் பழ எண்ணெயைச் சேர்க்கும். 2024 டிசம்பரில் இந்த இரண்டு ஊர்களின் சோப்புக் கலையையும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் பதினான்காம் லூயி காலத்து 1688 அரசாணை, மார்செய் சோப்பில் ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பைச் சேர்க்கக் கூடாது என்றது. தேங்காய் எண்ணெய்க்கு எந்த ராஜாவும் இப்படிப் பரிந்து பேசியதில்லை. ஆனால் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. லாரிக் அமிலத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அலெப்போக்காரர்கள் பயன்படுத்தும் அந்த லாரல் மரத்திலிருந்து. முதலில் கண்டது லாரலில், கொட்டிக் கிடப்பது தேங்காயில்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாப்லுஸ், மார்செய் சோப்பெல்லாம் குளிர்முறை அல்ல. பெரிய கொப்பரையில் நாள்கணக்கில் காய்ச்சுவது. மார்செயில் உப்புநீர் விட்டுச் சோப்பைத் தனியே பிரிப்பார்கள். அப்போது கிளிசரின் உப்புநீரோடு போய்விடும். இப்போதைய பெரிய ஆலைகளிலும் அப்படித்தான், கிளிசரினைப் பிரித்துத் தனியே விற்கிறார்கள். நம் அச்சில் ஊற்றிய சோப்பிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அரைக் கிலோ ஆலிவிலிருந்து பிறக்கும் ஐம்பது கிராம் கிளிசரினும் கட்டிக்குள்ளேயே இருக்கும். வீட்டுச் சோப்புக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள இது நியாயமான காரணம். சென்னையில் இதுவே தொல்லையும் கூட.

ஏனென்றால் கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நாப்லுஸ் ஆலையில் சோப்புக் கட்டிகளை ஆள் உயரத்துக்கு மேலே, உள்ளே வெற்றிடம் விட்டு, கூம்புக் கோபுரமாக அடுக்குவார்கள். காற்று நடுவில் புகுந்து ஒவ்வொரு கட்டியாகத் தடவிப் போகும். மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். எனக்கு வாய்த்தது மூன்றாம் மாடிப் பால்கனியில் ஓர் அலமாரி. தையில் போட்ட கட்டிகள் சித்திரை வெயிலில் நன்றாக இறுகின. ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டு வகையும் வியர்த்தன; காலையில் பார்த்தால் ஒவ்வொரு கட்டியின் மேலும் பனித்துளி. தேங்காய்க் கட்டியைத் துணியால் துடைத்தால் சரியாகிவிட்டது. ஆலிவ் கட்டிகள் இரண்டில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து, பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தது மாதிரி காறல் வாடை அடித்தது. இரண்டும் அலமாரியின் துருப்பிடித்த கம்பியை ஒட்டி இருந்தவை. இரும்பு பட்டால் காறல் விரைவுபடும். தேங்காய்க் கட்டியும் அதே கம்பியில்தான் இருந்தது; அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கொழுப்பமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு காற்றோடு எளிதில் வினைபுரியாத வகை.

குளியலறைக்குப் போனால் ஆலிவின் பாடு இன்னும் திண்டாட்டம். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீட்டில் சோப்பு டப்பா காய்வதே இல்லை. நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் ஆலிவ் கட்டி அடியில் சளியாகக் கரைந்து டப்பாவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு கட்டியில் கால் பங்கு இப்படி வீணாகப் போயிருக்கும். தேங்காய்க் கட்டி கரையாமல் இல்லை, ஆனால் கரைவது கையில்தான், டப்பாவில் அல்ல. எங்கள் போர்வெல் தண்ணீரும் ஆலிவுக்கு எதிரி. கடின நீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து வாளி விளிம்பில் வெள்ளைப் பிசுக்காகப் படியும். அதில் எந்தச் சோப்பும் தப்பாது. ஆனால் தேங்காய் அதையும் மீறிக் கொஞ்சம் நுரைக்கும், ஆலிவ் அடங்கிவிடும். லாரி தண்ணீர் வந்த நாட்களில் ஆலிவ் கொஞ்சம் தலைதூக்கியது.

தேங்காய் சோப்பு கடல்நீரிலேயே நுரைக்கும் என்பது மாலுமிகளுக்குத் தெரிந்த விஷயம். நன்னீர் அரிதான கப்பல்களில் அதைத்தான் வைத்துக்கொண்டார்கள். மற்ற சோப்புகள் பெரும்பாலும் உப்பைக் கண்டால் தயிராகத் திரிந்து ஒதுங்கும். நான் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி கல்லுப்பைக் கரைத்து இரண்டு கட்டியையும் அதில் தேய்த்துப் பார்த்தேன். ஆலிவ் வெறும் கல்லாகக் கையில் வழுக்கிற்று. தேங்காய், சோம்பலாக என்றாலும் நுரைத்தது. உப்பைப் பொடித்துச் சோப்பிலேயே கலந்து கட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆலிவைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தை பிறந்தபோது, கம்பியில் படாமல் தப்பிய கட்டி ஒன்றை எடுத்தேன். பச்சை முழுக்க மறைந்து பழைய தந்தம் மாதிரி நிறம். தட்டினால் கல்லில் தட்டிய சத்தம். நுரை இப்போது வந்தது, தேங்காய்க் குமிழ் மாதிரி அல்ல. காய்ச்சிய பாலின் ஆடைபோல நெருக்கமாக, சிறியதாக, கையை விட்டு இறங்காமல் நின்றது. முகத்துக்குப் போட்டேன். துடைத்த பிறகு தோல் இழுக்கவில்லை. அதே கட்டி, அதே எண்ணெய். பதினோரு மாதம் சும்மா இருந்தது மட்டும்தான் அது செய்த வேலை. ஒரு முகச் சோப்புக்காக ஓராண்டு காத்திருக்கும் பொறுமையும், அந்த ஓராண்டும் வறண்ட காற்றடிக்கும் ஊரும் இருந்தால் ஆலிவ்தான் ராணி. எனக்கு இரண்டும் இல்லை. அதோடு ஆலிவ் எண்ணெயின் விலை, கப்பலேறி வருகிற சரக்கின் விலை. அந்த மென்மை வேண்டும் என்றால், தேங்காயில் நல்லெண்ணெயைக் கலந்து பாதி தூரம் போகலாம். நல்லெண்ணெயிலும் ஒலியிக் அமிலம் கணிசமாக உண்டு. காறும் பயம் மட்டும் ஆலிவைவிட அதிகம்.

73 கிராம் சோடா போட்ட தேங்காய்க் கட்டியை அக்காவிடம் கொடுத்தபோது மோந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, “பரவாயில்லம்மா, இது இழுக்கல” என்றார். ஆலிவ் கட்டி ஒன்றைப் பேரனுக்கு என்று நீட்டினேன். “கொழந்தைக்கு எதுக்கு சோப்பு? பாசிப்பயத்த மாவு இருக்கே” என்று என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திரும்பி வந்த அந்த முதல் கட்டியைத் தூக்கிப்போட மனமில்லாமல் மொட்டைமாடித் துணி துவைக்கிற கல்லில் வைத்திருந்தேன். ஒருநாள் அங்கே துவைக்க வந்த அக்கா, பேரனின் சட்டையில் இருந்த மாம்பழக் கறைக்கு அதை எடுத்துத் தேய்த்திருக்கிறார். சாயங்காலம் கதவைத் தட்டினார்.

“அந்தப் பழைய சோப்பு, தோலை இழுத்துச்சே, அதுல இன்னும் நாலு இருக்கா?”